கழுத்துக்குத் தெரியாத வித்தியாசம்

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது. நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், அந்த அறையில் பார்ப்பதற்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதுதான்.

என் மகள் ரேவதி மல்லாந்து படுத்திருந்தாள். அவள் கழுத்துக்கு மேலே அண்டா அளவு கருவி ஒன்று அசையாமல் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு திரை. திரையில் கறுப்பு. கறுப்பின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி வர வேண்டும். அதற்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தோம்.

புள்ளி வரவில்லை.

"புள்ளி இல்லேன்னா நல்லதுதானே டாக்டர்?" என்றேன்.

டாக்டரம்மா என் வயதுக்காரர். அளந்து பேசுபவர். "நல்லதா இருந்தா நானே சொல்லியிருப்பேன். குரல் நரம்புக்குப் பக்கத்துல கொஞ்சம் சுரப்பியை விட்டு வச்சிருக்கோம்னு ஆபரேஷன் பண்ணவர் எழுதியிருக்கார். அது இங்க தெரியணும். தெரியலை. ஏற்கெனவே வயிறு நிறைஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"அந்தச் சுரப்பிக்கு. இந்தப் பொண்ணு உடம்புல வேற எங்கிருந்தோ அயோடின் போயிருக்கு. என்ன சாப்பிட்டா?"

அப்பளமும் எட்டு நாளும்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு மந்தைவெளியில், கடலுக்கு நடந்து போகிற தூரம்.

அரை ஆயுள் பாடத்துக்கு வகுப்பில் ஒரு அப்பளத்தை எடுத்துப் போவேன். அப்பளத்தைப் பாதியாக உடைப்பேன். எட்டு நாள் ஆயிற்று என்பேன். மீந்த பாதியை மறுபடி பாதியாக்குவேன். பதினாறு நாள். இப்படியே போனால் எப்போது தீரும் என்று கேட்பேன். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது, "நீங்க சாப்பிட்டா தீர்ந்துடும் மிஸ்" என்பாள். அந்த பதில் எல்லா வருடமும் வந்தது.

எட்டு நாள் என்பது கதிரியக்க அயோடினின் கணக்கு. பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரே வரிதான். தைராய்டு சுரப்பி உடம்பில் இருக்கும் அயோடினையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அதையும் உறிஞ்சி, அந்தக் கதிராலேயே அழியும். நான் கூடுதலாக ஒரு வாக்கியம் சேர்ப்பேன். "சாதா அயோடின் எது, கதிர் வீசற அயோடின் எதுன்னு கழுத்துக்கு வித்தியாசம் தெரியாது. எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கும்."

பதினைந்து வருடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஒரு சுண்டைக்காய்

ரேவதிக்கு அப்போது பதினேழு வயது. அடைமழை தொடங்கிய சமயம், தலை பின்னும்போது கழுத்தில் சுண்டைக்காய் போல ஒன்று என் கையில் தட்டுப்பட்டது. வலியில்லை. பத்தே நாளில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை நான் இன்றும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சுரப்பியை எடுத்தார்கள். மிச்சம் மீதியை எரிக்கக் கதிரியக்க அயோடின் தர வேண்டும் என்றார்கள். முதலில் துளியளவு கொடுத்துப் பார்ப்பார்கள்; அதைக் கழுத்து எடுத்துக்கொண்டு திரையில் புள்ளியாகத் தெரிந்தால்தான் முழு மருந்து. அது முழுதாக வேலை செய்ய வேண்டுமானால், கழுத்தைப் பட்டினி போட வேண்டும். பாக்கெட் உப்பு கூடாது. பால், முட்டை கூடாது. மீன் கூடவே கூடாது. டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை நான் சமையலறைச் சுவரில் மாவுப் பசையால் ஒட்டினேன்.

அந்த வருடங்களில்தான் அயோடின் சேர்த்த உப்பு விளம்பரம் தொலைக்காட்சியில் ஓயாமல் வந்தது. நான் தள்ளுவண்டிக்காரரிடம் கல் உப்பு வாங்கி அம்மியில் பொடித்தேன். "ஊரே அதை வாங்கறப்ப நீ இதை வாங்கற" என்றார் என் கணவர். சிரிக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை.

எடுத்த சுரப்பிக்கு ஈடாக ரேவதிக்குத் தந்த மாத்திரையும் நிறுத்தப்பட்டிருந்தது. முகம் ஊதியது. சித்திரை வெயில் போல அடித்த தை மாத வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். பேச்சு இழுத்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. டியூஷனை விட மாட்டேன் என்று சைக்கிளில் லஸ் வரை போவாள். அந்த மந்தத்தில் ஒரு நாள் சைக்கிளோடு விழுந்து, முழங்காலும் முழங்கையும் உள்ளங்கை அகலத்துக்குத் தோலுரிந்து வந்தாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பதே அவளுக்கு வேலையாகிப் போனது.

பக்கத்து வீட்டில் யாரும் கேட்காதவரை நான் நன்றாகத்தான் இருந்தேன்.

கூடையை இறக்குவது

பிலோமினாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கடலோரக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவர். ஞாயிறு மாதா கோயில், மற்ற ஆறு நாளும் தெரு. எனக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் நான் 'நீ' என்பேன், அவர் 'நீங்க' என்பார். அப்போது அது எனக்குத் தவறாகத் தோன்றியதில்லை.

மீன் கூடையைத் தலையிலிருந்து தனியாக இறக்க முடியாது. வாங்குகிறவள் எதிரே நின்று ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். திரும்ப ஏற்றிவிடவும் அப்படியே. கை கொடுக்காதவள் வீட்டில் பிலோமினா கூடையை இறக்க மாட்டார். "வாங்கலேன்னா பரவால்ல, கையாச்சும் குடு" என்று தெருவே கேட்கச் சொல்வார். எங்கள் வீட்டு வாசலில் பன்னிரண்டு வருடம் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

மீன் வாங்குவது நின்ற பிறகும் அவர் வந்தார். கேட்டுக்கு உள்ளே படியில் உட்கார்ந்து ரேவதியோடு பேசிவிட்டுப் போவார். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது படியில் ஓர் அலுமினிய டப்பா இருந்தது. காலி. முகர்ந்து பார்த்தேன். மீன் வாடை. கழுவித் திருப்பிக் கொடு என்று ரேவதியிடம் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

"என்ன சாப்பிட்டா?" என்று டாக்டரம்மா கேட்டதும் என் நினைவுக்கு வந்தது அந்த டப்பாதான்.

"இருமல் மருந்து, டானிக் ஏதாவது குடிச்சாளா?"

"இல்லை டாக்டர். மீன் சாப்பிட்டிருக்கா."

"நான் சாப்பிடலை" என்றாள் ரேவதி படுத்தபடியே. அவள் பேச்சு அப்போது மிக மெதுவாக இருந்தது. நான் காத்திருக்கவில்லை.

டாக்டரம்மா கோப்பை மூடினார். "நாலு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் இதே பத்தியம், மாத்திரை கிடையாது. அவளுக்குக் கஷ்டம்தான். வேற வழியில்லை."

அவளுக்காக பம்பாயிலிருந்து விமானத்தில் வந்த மருந்து, ஈயப் பாத்திரத்தில், அந்த மாடியிலேயே ஓர் அறையில் இருந்தது. அது அவளுக்காகக் காத்திருக்காது. எட்டு நாளில் பாதி போய்விடும். பட்டியலில் அடுத்திருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தார்கள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலை பிலோமினா வந்தார். "ஒரு கை புடிங்க டீச்சர்" என்றார். நான் பிடிக்கவில்லை.

"நீ குடுத்த மீனாலதான் என் பொண்ணுக்கு வைத்தியம் நின்னு போச்சு."

"இன்னா மீனு?"

"டப்பாவுல குடுத்தியே."

"அது கேவுரு கூழு டீச்சர். உப்பு கூட போடல. உப்பு வாணான்னு பாப்பா சொல்லிச்சு. வாய் செத்துப் போச்சுன்னுச்சே, அதான் எட்டாந்தேன்."

"பொய் சொல்லாதே. டப்பா பூரா மீன் வாடை."

"எங்க வூட்ல குடிக்கற தண்ணியே மீன் வாடதான்."

எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒருத்தியை வெளியே அனுப்பும்போது வரும் குரல் அது. "இனிமே இந்த கேட்டுப் பக்கம் வராதே" என்றேன்.

அவர் தலையில் கூடையோடு அப்படியே திரும்பினார். அதுவரை அவர் எங்கள் வாசலில் கூடையை இறக்காமல் போனதே இல்லை.

கிணற்றின் வயது

என் கணவர் நிலத்தடி நீர் அளக்கும் அலுவலகத்தில் பொறியாளர். கொட்டிவாக்கம் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறுகிறது என்று அப்போது புகார். அவர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தண்ணீரில் கதிர் வீசும் ஹைட்ரஜன் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். அது எவ்வளவு என்று பார்த்தால், அந்தத் தண்ணீர் நேற்றைய மழையா, தாத்தா காலத்து மழையா என்று ஓரளவு சொல்லிவிடலாமாம்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, சாப்பிடும்போது அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலத்துக்குப் பின் பெய்த மழையில் அது அதிகம், அதற்கு முந்தைய மழையில் குறைவு. "குண்டு போட்டவன் எங்கேயோ இருந்தான். கணக்கு கொட்டிவாக்கம் கிணத்துல இருக்கு."

எனக்கு வேறு கணக்கு ஓடியது. அதே வெடிப்புகளில் அயோடினும் வரும். புல்லில் படியும், மாடு மேயும், பாலில் இறங்கும், குழந்தையின் கழுத்தில் போய் உட்காரும். சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த பிறகு அங்கே குழந்தைகளுக்கு அப்படித்தான் ஆனது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ரேவதிக்கு நான் எந்தப் பாலைக் கொடுத்தேன்? டாக்டரம்மாவிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "இங்க அப்படிச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. சிலருக்கு வருது, அவ்வளவுதான்" என்றிருந்தார்.

அவ்வளவுதான் என்பதைத் தாங்குவது கஷ்டம். யாராவது ஒருவர் செய்தது என்றால் தாங்கலாம். பிலோமினா எனக்கு அதற்குத்தான் பயன்பட்டார் என்று இப்போது எழுத முடிகிறது.

மை இல்லை

சனிக்கிழமை மதியம் துணி ஊறவைத்தேன். ரேவதியின் வெள்ளை உள்பாவாடையில் முழங்கால் வருகிற இடத்தில் கருநீலமாய் ஒரு பெரிய கறை. பக்கத்தில் சின்னதும் பெரிதுமாக இன்னும் நாலைந்து.

"பேனா மூடியை மூடவே மாட்டியா?"

"என்கிட்ட இருக்கறது பால்பாயின்ட்மா" என்றாள் கட்டிலில் இருந்து.

வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு எடுத்துக் கறையின் மேல் ஊற்றினேன். கறை மறைந்தது. தேய்க்கவில்லை, சோப்புப் போடவில்லை. கண்ணுக்கு முன்னால் அப்படியே மறைந்தது.

மை இப்படிப் போகாது.

எங்கள் வீட்டில் பருத்தித் துணி எல்லாவற்றுக்கும் கஞ்சி போடுவேன். சாதம் வடித்த கஞ்சி. கஞ்சியில் இருப்பது மாவுப்பொருள். மாவுப்பொருளில் அயோடின் பட்டால் கருநீலம். சூடாக்கினால் நிறம் போகும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். உருளைக்கிழங்குத் துண்டில் சொட்டுவிட்டுக் காட்டுவார்கள்.

குளியலறையிலிருந்து எழுந்து போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். பழுப்பு நிற பாட்டில். டிங்சர் அயோடின். பெயரே அதுதான். பாதிக்கு மேல் காலி.

சைக்கிளில் விழுந்த அன்று தொடங்கி, காலையும் மாலையும், பச்சைப் புண்ணில், பஞ்சில் தோய்த்துத் தோய்த்து ஒன்பது நாள் பூசியிருந்தேன். "எரியுதும்மா" என்றாள். "எரிஞ்சாத்தான் ஆறும்" என்றேன். பத்தியத் தாள் சமையலறையில் ஒட்டியிருந்தது. டிங்சர் படுக்கையறை அலமாரியில் இருந்தது. வாய் வழியாகப் போவதைத்தான் நான் காவல் காத்தேன். தோலுக்கு வாய் உண்டு என்று தோன்றவில்லை.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரேவதி முன்னால் நின்றேன். அவள் சற்று நேரம் அதைப் பார்த்தாள்.

"கூழுதாம்மா குடிச்சேன்" என்றாள்.

ஒரு வரி சேர்த்தார்

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் பாட்டிலைக் காட்டினேன். "ஒரு சொட்டு ரெண்டு சொட்டுன்னா நான் கவலைப்பட மாட்டேன். உரிஞ்ச தோல்ல, இவ்வளவு நாள்... இதுவாத்தான் இருக்கும். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது." பிறகு மேஜை மேல் கிடந்த பத்தியத் தாளை எடுத்து, கடைசியில் பேனாவால் எழுதினார்: டிங்சர் பூசக் கூடாது. "இதை நான் முன்னாடியே போட்டிருக்கணும்."

அவர் தன் தவறை ஒரு வரியில் எழுதிவிட்டார். எனக்கு அது வரவில்லை.

அந்த நாலு வாரமும் பிலோமினா எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். குப்பம் பத்து நிமிட நடை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை இரண்டு முறை போனேன். ஒரு முறை மழைத் தூறல். இன்னொரு முறை தூறல்கூட இல்லை.

நாலு வாரத்தில் ரேவதிக்குப் படித்த பக்கத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. புள்ளி இந்த முறையும் வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

வந்தது. கடுகளவு. கறுப்பின் நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாக. "இதோ இருக்கார்" என்றார் டாக்டரம்மா, காணாமல் போன உறவினரைப் பார்த்தது போல.

சாக்பீஸ் கோடு

மருந்து வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. ஈயப் பாத்திரத்துக்குள் சின்ன பாட்டில், அதற்குள் ஓர் உறிஞ்சுகுழல். ரேவதி ஒரே இழுப்பில் குடித்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் அறையை விட்டு வெளியே போனோம். கனமான கதவு. மூன்று நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கழிப்பறைத் தண்ணீர்கூட நேராக சாக்கடைக்குப் போகாது; தனித் தொட்டியில் கிடந்து, கதிர் அடங்கிய பிறகே வெளியேறும் என்றார்கள்.

என் கல்லூரி நாட்களில் கதிர் எண்ணும் கருவி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. கதிர் வீசும் பொருளை எடுத்துப் பூட்டி வைத்த பிறகும் அது டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பழுதோ என்று நினைத்தேன். பழுதில்லை. மண், வானம், சுவர், நாங்கள், எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கிறது. மூன்றாம் நாள் ரேவதியின் எதிரே அதே மாதிரிக் கருவியைப் பிடித்து, எண்ணைக் குறித்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டில் ஒரு வாரம் தள்ளி இருக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகும். நான் கூடத்தில் ஆறடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். தனித் தட்டு, தனி டம்ளர்.

"இருட்டுல நான் மின்னுவேனாம்மா?"

"மாட்டே. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது."

"சே. கரன்ட் போனா படிக்கலாம்னு பார்த்தேன்."

உறவினர்கள் என் கோட்டை மதித்தார்கள். அளவுக்கு மேல் மதித்தார்கள். தி. நகரிலிருந்து என் ஓரகத்தி தொலைபேசியில், "நாங்க அடுத்த மாசம் வந்து பாக்கறோமே" என்றாள். தொலைபேசி வழியாக ஒன்றும் ஒட்டாது என்று சொல்ல நினைத்தேன். எதிர் வீட்டுக்காரர் எங்கள் பக்கத்து மதில் ஓரம் நடப்பதை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் கோட்டை ஈரத் துணியால் துடைத்தேன். மாத்திரை ஆரம்பித்திருந்தது, பத்தியம் முடிந்திருந்தது. அதன் பிறகும் யாரும் வரவில்லை.

பத்தாம் நாள் காலை கேட்டில் சத்தம் கேட்டது. ரேவதி படியில் உட்கார்ந்து பாடப் புத்தகம் வைத்திருந்தாள். நான் ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

கேட்டுக்கு வெளியே, நான் போன முறை நிறுத்திய அதே இடத்தில், தலையில் கூடையோடு பிலோமினா நின்றிருந்தார்.

"எத்தினி அடி தள்ளி நிக்கணும் டீச்சர்? எல்லாரும் ஆறுன்றாங்க."

"இப்ப வேண்டாம். முடிஞ்சு போச்சு."

அவர் நகரவில்லை. கூடையின் ஓரத்திலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வகுப்பில் நிற்பது போல நின்று, வகுப்புக் குரல் வராமல், "அது மீன் இல்லை பிலோமினா. நான் புண்ணுல பூசின மருந்து. நான்தான்" என்றேன்.

"தெரியும். பாப்பா அந்த வாரமே வந்து சொல்லிச்சு. முகத்த வீங்க வச்சிக்கினு, நடக்க முடியாம, குப்பம் வரைக்கும் வந்துச்சு."

ரேவதி புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்ப ஏன் இத்தனை நாள் நீங்க வரலை?" என்றேன். 'நீங்க' என்று வந்துவிட்டது.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க வரல. வஞ்சிரம் வந்துகீது இன்னிக்கு, வச்சிருந்தா கெட்டுப்பூடும், அதான் நானே வந்துட்டேன். கய்த்து வலிக்குது டீச்சர், ஒரு கை புடிங்க."